குழலில் ஒட்டுற கரி

போன மாசம் சென்னையில இருந்து ஒரு தம்பி தோட்டத்தப் பாக்க வந்திருந்தாப்ல. மொச்சை, மக்காச்சோளம், கொய்யா எல்லாம் சுத்திக் காட்டிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அன்னிக்கு நான் துப்பாக்கியத் தொடைக்கிற நாள். பெட்டியத் திறந்து வெளிய எடுத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு.

"அண்ணே, இது மியூசியத்துல இருக்க வேண்டியதாச்சே! வாய் வழியா மருந்து போட்டுக் கெட்டிக்கிறதா? இந்தக் காலத்துல போயி இதுக்கு லைசென்ஸா?"

அவர் கேட்டதுல தப்பில்ல. திண்டுக்கல்லுக்குக் கிழக்க நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்ல திருச்சி. அங்க 1966-ல இருந்து அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை நடக்குது. ராணுவத்துக்குத் தானியங்கித் துப்பாக்கி செய்யுற ஊருக்கு இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு, என் கையில இருக்கிறது 170 வருஷத்துக்கு முந்தின வகை. ஏன் இப்படின்னு அவருக்கு அன்னிக்கு முழுசாச் சொல்ல முடியல. யோசிச்சுப் பாத்தா இந்தக் கேள்விக்குப் பதில் துப்பாக்கிக் குழலுக்குள்ள ஒட்டுற கரியில இருந்துதான் ஆரம்பிக்குது. அதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல என் கதை.

எங்க தோட்டம் சிறுமலை அடிவாரத்துக்கும் சமவெளிக்கும் நடுவுல. கடலை போட்டா காட்டுப்பன்னி, சோளம் போட்டா காட்டுப்பன்னி, ஒண்ணும் போடாட்டியும் வரப்பைக் கிளறிப் போட்டுட்டுப் போகும். தாத்தா பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்கி வச்சிருந்த ஒத்தக்குழல் துப்பாக்கி அது. அவருக்குக் கண்ணு மங்கின பிறகு, ஆபீஸ் ஆபீஸா ஒரு வருஷம் அலைஞ்சு லைசென்ஸ என் பேருக்கு மாத்துனோம். துப்பாக்கி பழசு. எனக்குத்தான் புதுசு.

மோட்டார் மாதிரி, மாடு மாதிரி, துப்பாக்கிக்கும் ஒரு குணம் உண்டுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. தாத்தா திண்ணையில உக்காந்துக்கிட்டு வாயாலயே சொல்லுவார், நான் கையால செய்யணும்.

முதல் பாடம் குதிரை. துப்பாக்கியில கேப் மேல போய் அடிக்கிற கொக்கி மாதிரி இருக்கே, அதுக்கு நம்ம பக்கம் குதிரைன்னு பேரு. பாதி இழுத்தா ஒரு 'டிக்', முழுசா இழுத்தா இன்னொரு 'டிக்'. பாதியில நிக்கிறப்ப விசைய அழுத்தினாலும் விழக் கூடாது, அதுதான் பாதுகாப்பு. ஆனா எங்க துப்பாக்கியில அந்தப் பாதிப் பல்லு தேஞ்சு போயிருந்துச்சு. "பாதியில நிக்குதுன்னு நம்பிராத. அது பொய் சொல்லும்"னு தாத்தா மொத நாளே சொல்லிட்டார்.

அதச் சரி பண்ணலாம்னு டவுனுக்குப் போயி, பூட்டு செய்யுற பெரியவர் ஒருத்தர்கிட்டக் கேட்டேன். திண்டுக்கல் பூட்டு உங்களுக்குத் தெரியும்தான், 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அவர் விவரத்தக் கேட்டுட்டு, "உள்ள இருக்கிறது நம்ம வேலைதான்யா, வில்லும் பல்லும். ஆனா லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியில கை வைக்கக் கூடாது. எடுத்துட்டு வந்துராத"ன்னு கையக் கழுவிட்டார். அவர் சொன்னது சரிதான். துப்பாக்கி பழுது பாக்குறதுக்கும் தனி உரிமம் வேணும். அவர் சொன்ன இன்னொண்ணும் சரி. துப்பாக்கியில வெடியைக் கிளப்புற அந்த விசைப் பகுதிக்கு இங்கிலீஷ்ல பேரே 'லாக்', பூட்டுதான்.

ரெண்டாவது பாடம் மழை. ஐப்பசி, கார்த்திகையில கருமருந்து ஈரத்த இழுத்துக்கிட்டு மக்கர் பண்ணும். மூணாவது பாடம் பொறுமை. விசைய அழுத்தி 'டிக்'னு சத்தம் மட்டும் வந்து வெடிக்கலன்னா, உடனே எறக்கக் கூடாது, எட்டிப் பாக்கவும் கூடாது. ஆள் இல்லாத பக்கமா வாயத் திருப்பி வச்சுக்கிட்டு நூறு எண்ணணும். உள்ள பொறி நின்னு எரிஞ்சுட்டு, தாமதமா வெடிக்கும்.

நாலாவதுதான் கரி. கருமருந்து வெடிச்சா முழுசா எரிஞ்சு போறதில்ல. பாதிக்கு மேல புகையும் சாம்பலுமா நிக்கும். குழலுக்குள்ள கருப்பா, பிசுபிசுன்னு ஒட்டிக்கும். அந்தக் கரியில உப்பு இருக்கு. காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து, ஒரே ராத்திரியில இரும்ப அரிக்க ஆரம்பிச்சிரும். எண்ணெய் போட்டுத் தொடைச்சா போகாது, ஏன்னா உப்பு எண்ணெயில கரையாது. தண்ணியிலதான் கரையும். அதனால சுட்ட அன்னிக்கே குழலுக்கு வெந்நி ஊத்திக் கழுவணும். அப்பத்தா வெந்நி போட்டுக் குடுப்பா. ஊத்துனா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அது கந்தகம். "இந்த எழவ வீட்டுக்குள்ள கழுவாதீகடா"ன்னு அவ கத்த, நானும் தாத்தாவும் கிணத்து மேட்டுக்குப் போயிருவோம். அப்புறம் துணி சுத்தின கம்பிய விட்டு விட்டு ஈரம் போகத் தொடைச்சு, வெயில்ல காய வச்சு, கடைசியாத்தான் எண்ணெய்.

ஒரு தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொன்னப்ப, அவசரத்துல எண்ணெய் போடாமக் குடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான். திரும்பி வந்தப்ப குழல் வாயில செங்கல் பொடி மாதிரி துரு. அதச் சரி பண்ண எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

இந்தக் கரியத் தேய்ச்சுத் தேய்ச்சு அலுத்துப் போனப்பதான், முன்னாடி இருந்தவன் எல்லாம் என்ன பண்ணிருப்பான்னு தேட ஆரம்பிச்சேன்.

எங்க ஊரு மலைக்கோட்டைய பஸ்ல போறப்பப் பாத்திருப்பீங்க. மதுரை நாயக்கர் காலத்துல எழுந்த கோட்டை. 1755-ல மைசூர் அரசு ஹைதர் அலிய திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாரா அனுப்புச்சு. பாளையக்காரங்கள அடக்கி வரி வாங்குறது வேலை. ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அதுக்கு முன்னாடி திருச்சிராப்பள்ளிச் சண்டையில பிரெஞ்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் மோதிக்கிட்டதக் கிட்ட இருந்து பாத்தவர். ஒரு கூட்டம் ஒரே நேரத்துல கெட்டிச்சு, ஒரே நேரத்துல சுட்டா என்ன ஆகும்னு கண்ணால பாத்திருந்தார். திண்டுக்கல்லுக்கு வந்ததும் பிரெஞ்சுக் கைவினைஞர்கள வச்சு ஆயுதச் சாலை அமைச்சார், பீரங்கிப் படையச் சேத்தார், ஆட்களுக்கு ஐரோப்பிய முறையில பயிற்சி குடுத்தார். பின்னாடி மைசூரையே ஆண்ட மனுஷன் பாடம் படிச்ச இடம் நம்ம திண்டுக்கல்தான்.

அப்ப இங்க இருந்த பாளையக்காரங்க கையில துப்பாக்கி இல்லாம இல்ல. வேல்கம்பு, வளரியோட திரித்துப்பாக்கியும் இருந்துச்சு. மெதுவா எரியுற ஒரு கயித்துத் திரி, விசைய அழுத்தினா அந்தத் திரி போய் மருந்தத் தொடும். செய்யுறதும் சுலபம், பழுது பாக்குறதும் சுலபம். ஊர்க் கொல்லரே பாத்துக்குவார். ஆனா திரி எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். மழை பெஞ்சா அணையும். ராத்திரியில கங்கு தெரிஞ்சு ஆள் எங்க நிக்கிறான்னு காட்டிக் குடுத்துரும். இடுப்புல மருந்தக் கட்டிக்கிட்டுக் கையில நெருப்ப வச்சிருக்கிறது எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

கம்பெனிக்காரன் கையில இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. திரிக்குப் பதிலா சக்கிமுக்கிக் கல்லு இரும்புல உரசிப் பொறி பறக்கும். இதுக்கும் குணக்கேடு உண்டு. இருபது முப்பது வெடிக்குக் கல்லு மழுங்கும், மாத்தணும். மழையில இதுவும் மக்கர்தான். ஆனா நெருப்பக் கையில வச்சிருக்க வேண்டியதில்ல, ஆளும் ஆளும் ஒட்டி நிக்கலாம். நல்லாப் பழகின சிப்பாய் நிமிஷத்துக்கு மூணு தடவை சுடுவான். இதுல ஒரு சங்கதி: கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியப் படைக்குன்னு குழலைக் கொஞ்சம் குட்டையாக்கி, வேலைப்பாட்டக் குறைச்சு மலிவா ஒரு வகை செய்ய வச்சிருந்துச்சு. பிரெஞ்சுக்காரனோட சண்டை முத்தி, இங்கிலாந்து ராணுவத்துக்கே துப்பாக்கித் தட்டுப்பாடு வந்தப்ப, 1790-களில் அவனும் அதையே வாங்கிக்கிட்டான். 'இந்தியா பேட்டர்ன்'னு அதுக்குப் பேரு. நெப்போலியனோட அவன் சண்டை போட்ட துப்பாக்கிகள்ல பெரும்பாலானது இந்த வகைதான்.

இப்பக் கரிக்கு வரேன். பத்து இருபது தடவை சுட்டா குழல் கரியால அடைச்சு, குண்டு உள்ள எறங்காது. சண்டைக்கு நடுவுல வெந்நி போட அப்பத்தாவா வருவா? அதனால குழலோட அளவைவிடக் குண்டச் சின்னதாவே செஞ்சாங்க. கரி இருந்தாலும் குண்டு சுலபமா உருண்டு எறங்கும். ஆனா இடைவெளி இருக்கிறதால, சுடுறப்ப குண்டு குழலுக்குள்ள இங்கிட்டும் அங்கிட்டும் முட்டிக்கிட்டுத்தான் வெளிய போகும். நூறு கெஜத்துக்கு மேல குறி வச்சு ஒரு ஆளைச் சுடுறது அதிர்ஷ்டத்தப் பொறுத்தது. அதனாலதான் நூறு பேர் வரிசையா நின்னு ஒரே கூட்டமாச் சுட்டாங்க.

இப்படிப்பட்ட காலத்துலதான் 1792-ல திப்பு சுல்தான் திண்டுக்கல்ல கம்பெனிக்கு விட்டுக் குடுக்க வேண்டி வந்துச்சு. அதுக்கு அடுத்த எட்டு ஒம்பது வருஷத்துல விருப்பாச்சி கோபால் நாயக்கர் பாளையக்காரங்கள ஒண்ணு சேத்தார். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் குடுத்த அதே விருப்பாச்சிதான், பழனி போற வழியில இருக்கு. 1801-ல கோபால் நாயக்கரப் பிடிச்சு திண்டுக்கல்ல தூக்குல போட்டாங்க. அவர் பேரைச் சொல்லுற கோபால சமுத்திரக் குளம் இன்னிக்கும் டவுனுக்குள்ள இருக்கு.

அதே வருஷம் டிசம்பர் 1-ந் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரங்க கோட்டைகள இடிக்கணும், அரசு அனுமதிச்சவங்களத் தவிர யாரும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாது. பள்ளிக்கூடப் புத்தகத்துல இது ஒரு வரியா முடிஞ்சிரும். ஆனா துப்பாக்கியக் கழுவிப் பழகினவனுக்கு அதோட இன்னொரு அர்த்தம் தெரியும். இரும்பப் பறிச்சா ஒளிச்சு வச்சது மிஞ்சும். புழங்குறத நிறுத்திட்டா, ரெண்டு தலைமுறையில கை மறந்துரும். ஊர்க் கொல்லருக்கு இருந்த அந்தத் தொழில் நுணுக்கம் அப்படித்தான் போச்சு.

இனி ரைஃபிள். சாதாரணத் துப்பாக்கிக் குழல் உள்ள வழவழன்னு இருக்கும். ரைஃபிள் குழலுக்குள்ள, மரையாணியில இருக்கிற மாதிரி சுத்திச் சுத்திப் புரி வெட்டியிருக்கும். குண்டு அந்தப் புரியக் கவ்விக்கிட்டு, பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே போகும். அதனால நேராப் போகும், தூரமும் போகும். இந்தச் சூட்சுமம் ஐரோப்பாவுல பல நூறு வருஷமாத் தெரியும். ஆனா சிப்பாய்க்குக் குடுக்கல. காரணம் அதே கரிதான். குண்டு புரியக் கவ்வணும்னா இறுக்கமா இருக்கணும். கரி பிடிச்ச குழலுக்குள்ள இறுக்கமான குண்ட இறக்கச் சுத்தியலால அடிக்கணும். வேட்டைக்காரனுக்கு அது சரி. எதிரி ஓடி வர்றப்ப சுத்தியலத் தேட முடியுமா?

இடையில நெருப்புப் பிரச்சினை தீந்துச்சு. ஸ்காட்லாந்துல ஃபோர்சித்னு ஒரு பாதிரியார், பறவை வேட்டைப் பிரியர். சக்கிமுக்கிப் பொறியப் பாத்ததும் பறவை எழும்பிப் போயிருதேன்னு கடுப்பாகி, தட்டினா வெடிக்கிற மருந்த வச்சு ஒரு வழி கண்டுபிடிச்சு 1807-ல காப்புரிமை வாங்கினார். அதுல இருந்து வந்ததுதான் செம்புக் கேப். நாம தீபாவளிக்கு அடிக்கிற பொட்டு வெடி இருக்கே, கிட்டத்தட்ட அதே யோசனை. எங்க தாத்தா துப்பாக்கியும் இந்த வகைதான்.

அப்புறம் 1849 வாக்குல மினியேங்கிற பிரெஞ்சு அதிகாரி பேர்ல ஒரு குண்டு வந்துச்சு. குழலைவிடச் சின்னதா இருக்கும், சுலபமா எறங்கும். அடிப்பாகம் குழிவா இருக்கும். வெடிக்கிறப்ப அந்த வேகத்துல அடி விரிஞ்சு புரியக் கவ்விக்கும். கரிச் சிக்கலுக்குக் கடைசியா ஒரு வழி. இத வச்சு இங்கிலாந்து 1853-ல செஞ்சதுதான் என்ஃபீல்டு ரைஃபிள். கரி இறுகாம இருக்கவும் குண்டு வழுக்கிட்டு எறங்கவும் தோட்டாக் காகிதத்துல கொழுப்பு தடவணும். பல்லால காகிதத்தக் கடிச்சுப் பிச்சு, மருந்தக் கொட்டி, குண்ட எறக்கணும்.

அடுத்து என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். 1857 தொடக்கத்துல டம்டம், அம்பாலா, சியால்கோட்னு மூணு இடத்துல சிப்பாய்களுக்குப் புது ரைஃபிள் பழக்க ஆரம்பிச்சாங்க. தடவியிருக்கிறது மாட்டுக் கொழுப்பா, பன்னிக் கொழுப்பா? ஒண்ணு இந்துவுக்கு ஆகாது, இன்னொண்ணு முஸ்லிமுக்கு ஆகாது. அதிகாரிகள் சுதாரிச்சு, நீங்களே உங்களுக்குப் பிடிச்சதத் தடவிக்கங்கன்னாங்க. அப்பச் சந்தேகம் காகிதத்து மேல போச்சு, இது ஏன் பளபளன்னு இருக்குன்னு. பல்லால கடிக்க வேணாம், கையால பிச்சுக்கங்கன்னு பயிற்சி முறையவே மாத்துனாங்க. அப்பவும் நம்பல. ஏப்ரல் 24-ந் தேதி மீரட்ல 90 குதிரை வீரர்களுக்குத் தோட்டாவ நீட்டுனப்ப 85 பேர் தொட மாட்டேன்னாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, அன்னிக்கு நீட்டுனது புதுத் தோட்டா இல்ல, அவங்க வருஷக்கணக்காப் புழங்கின பழைய வகைதான். அந்த 85 பேரையும் விலங்கு மாட்டி ஜெயிலுக்கு அனுப்பின மறுநாள், மே 10, மீரட் எரிஞ்சுச்சு.

கொழுப்பு மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். நிலம், வரி, சம்பளம், பறிச்ச ராஜ்ஜியம்னு ஆயிரம் கோபம் உள்ள கிடந்துச்சு. ஆனா புதுக் கருவிய ஒருத்தன் கையில குடுக்கிறப்ப, இது என்ன, இதுல என்ன இருக்கு, ஏன் இப்படிச் செய்யணும்னு முதல்லயே வாயத் திறந்து சொல்லணும். வெள்ளக்காரன் சந்தேகம் வந்த பிறகுதான் பேசுனான். அதுக்கப்புறம் அவன் உண்மையச் சொன்னாலும் எடுபடல.

அதுக்கு அடுத்து நடந்ததுதான் அந்தச் சென்னைத் தம்பியோட கேள்விக்குப் பதில். கலகம் அடங்கின பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குத் தனியா ஒரு துப்பாக்கி வந்துச்சு. வெளிய பாத்தா அதே என்ஃபீல்டு. உள்ள புரி கிடையாது. குழல் வழவழன்னு அகலமா இருக்கும். வெள்ளக்காரச் சிப்பாய்க்கு ரைஃபிள், அவன் பக்கத்துல நிக்கிற நம்மாளுக்குப் பாத்தா ரைஃபிள் மாதிரி இருக்கிற வெறுங்குழல். அதுல இருந்து பல வருஷத்துக்கு, வெள்ளப்படைக்குப் புதுசு வந்தா அதோட பழசு இந்தியப் படைக்குங்கிறதே வழக்கமாச்சு. 1878-ல வந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் வேணும்னு சொல்லுச்சு, ஐரோப்பியனுக்கு விலக்குக் குடுத்துச்சு.

சுதந்திரத்துக்கு அப்புறம் அந்தப் பாகுபாடு போச்சு. 1959-ல புது ஆயுதச் சட்டம் வந்துச்சு. அதுலயும் ஒரு பிரிவு இருக்கு: உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, வாய் வழியாக் கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் குடுக்கலாம்னு. நூறு வருஷத்துக்கு முன்னாடியே ராணுவம் கழிச்சுக் கட்டின வகை, சட்டப்படி விவசாயிக்குன்னு நின்னுருச்சு. நான் இதக் குறையாச் சொல்லல. தெருவுக்குத் தெரு ரைஃபிள் இருக்கிற ஊர்ல என் பேரப்பிள்ளைக வளர வேணாம். ஆனா, "ஏன்ணே இந்தப் பழசு?"ன்னு கேட்டா, பதில் 1858 வரைக்கும் போகுதுன்னு சொல்லணும்ல.

கரிப் பிரச்சினை எப்பத் தீந்துச்சுன்னா, புகை வராத மருந்து வந்தப்ப. நம்ம நீலகிரி அருவங்காட்டுல 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஆரம்பிச்ச கார்டைட் ஃபேக்டரி அந்த வகை மருந்து செய்யத்தான். அதோட எல்லாம் சுலபமாயிருச்சான்னா இல்ல. திருச்சியிலயும் செஞ்ச இன்சாஸ் ரைஃபிள், 1990-களின் கடைசியில ராணுவத்துக்கு வந்துச்சு. 1999 கார்கில் குளிர்ல அதோட பிளாஸ்டிக் தோட்டாப்பெட்டி விரிசல் விட்டுச்சு, சுடுறப்ப எண்ணெய் கண்ணுல தெறிச்சுதுன்னு புகார் வந்துச்சு. எவ்வளவு புதுசா இருந்தாலும், வெயில்லயும் பனியிலயும் புழங்குறவன் கையிலதான் அதோட குணம் தெரிய வரும்.

இனி நான் சொல்லாம விட்டத ஒண்ணு சொல்லணும்.

லைசென்ஸ் மாறின முதல் வருஷம், மார்கழி. சோளம் கதிர் பிடிச்சிருந்துச்சு. ராத்திரி பன்னிக் கூட்டம் எறங்குச்சு. நான் எப்பவும் குண்டு போடுறதில்ல, தாத்தாவும் போட்டதில்ல. வெறும் மருந்து, சத்தத்துக்கு. விசைய அழுத்தினேன், 'டிக்'. நூறு எண்ணினேன். கேப்ப மாத்தினேன், மறுபடி 'டிக்'. பனியில மருந்து நமத்துப் போச்சுன்னு நெனச்சு, டார்ச் அடிச்சுக் கத்தி விரட்டிட்டு வந்து படுத்துட்டேன். மறுநாள் சாயங்காலம் மறுபடி காவலுக்குக் கெளம்பறப்ப, உள்ள நேத்துப் போட்டது கிடக்குங்கிறதே ஞாபகம் இல்ல. மறுபடி மருந்து போட்டு, கம்பிய விட்டு இடிச்சேன்.

திண்ணையில இருந்த தாத்தா, "சத்தம் ஒரு மாதிரியா இருக்கே. கொண்டா"ன்னார். கண்ணு சுத்தமாத் தெரியாது. குழலுக்குள்ள நின்ன கம்பிய விரலால தடவினார். அந்தக் கம்பியில ரெண்டு வெட்டு இருக்கும். குழல் காலியா இருந்தா குழல் வாய்க்கு நேரா மேல் வெட்டு நிக்கும், ஒரு தடவை கெட்டிச்சிருந்தா கீழ் வெட்டு நிக்கும். அவர் விரல் ரெண்டு வெட்டையும் தாண்டிப் போச்சு.

"ஏய், கம்பி ஏறி நிக்குதுடா. ரெண்டு போட்டிருக்க."

அந்தப் பழைய குழல் அத எப்படித் தாங்கியிருக்கும்னு தெரியல. என் மூஞ்சிக்கு ஒரு சாண் தள்ளித்தான் அது வெடிச்சிருக்கும். அவர் திட்டல. கேப்ப எடுக்கச் சொன்னார். குழல் வழியாத் தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஊற வச்சோம். மறுநாள் திருகுக் கம்பிய விட்டு அடைச்ச துணியையும் சேறான மருந்தையும் எடுத்தோம். அப்புறம் ஒரு மாசம் அதத் தொடவே எனக்குக் கை நடுங்குச்சு.

பின்னாடி படிச்சப்ப எனக்கு ஒரு ஆறுதல் கிடைச்சுது. 1863-ல அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கெட்டிஸ்பர்க் சண்டை முடிஞ்சு, களத்துல கிடந்த துப்பாக்கிகளப் பொறுக்கி எண்ணினாங்களாம். சுமார் 27,500. அதுல 24,000-க்கு கெட்டிச்சது அப்படியே உள்ள இருந்துச்சு. அதுலயும் பாதிக்கு ரெண்டு தடவை கெட்டிச்சிருந்தாங்க. ஒண்ணுல 23 தடவை. அத்தனையும் பயிற்சி எடுத்த சிப்பாய்க. பயமும் இருட்டும் இரைச்சலும் வந்தா மனுஷன் மூளை அவ்வளவுதான். அதுக்குத்தான் கம்பியில வெட்டு.

இப்ப நிலைமை வேற. காட்டுப்பன்னியக் கொன்னா வனவிலங்குச் சட்டப்படிக் குத்தம். 2025 தொடக்கத்துல தமிழ்நாடு அரசு ஒரு வழி சொல்லுச்சு, காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால பயிர அழிக்கிற பன்னிகள வனத்துறையே சுடலாம்னு. எங்க தோட்டம் அந்தத் தூரத்துக்கு உள்ள. சத்தத்துக்குப் பன்னி இப்பப் பயப்படுறதும் இல்ல, ரெண்டு அடி தள்ளி நின்னு பாக்குது. சோலார் வேலி போட்டிருக்கேன், ஓரளவுக்குத் தாக்குப் பிடிக்குது. வீட்டுக் கரண்ட வேலியில விடுறது மட்டும் வேணவே வேணாம், அதுல மனுஷங்க செத்துப் போறாங்க.

அடுத்த வருஷம் லைசென்ஸப் புதுப்பிக்கணும். பையன் கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை. "எதுக்குப்பா, ஒப்படைச்சிருங்க"ன்னு சொல்லுறான். எனக்கு மனசு வரல, தாத்தா தொட்டது. ஆனா யோசிச்சா அவன் சொல்லுறதுதான் சரி. அந்தக் கம்பியத் தடவிப் பாத்து 'ஏறி நிக்குது'ன்னு சொல்ல எனக்குப் பின்னாடி இந்த வீட்ல ஆள் இல்ல. குணம் தெரிஞ்ச கை இல்லாத வீட்ல துப்பாக்கி இருக்கக் கூடாது. ஒப்படைக்கிறதா முடிவு பண்ணிட்டேன்.

ஊர்ல பழைய வீடு வச்சிருக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். தாத்தா வீட்டுப் பரண்ல இந்த மாதிரி ஏதாவது கிடந்தா விளையாட்டுக்குக்கூட எடுக்காதீங்க, பிள்ளைககிட்டக் குடுக்காதீங்க, போட்டோவுக்குத் தோள்ல சாத்தாதீங்க. கருமருந்துக்கு வயசாகாது. 2008-ல அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல, 140 வருஷத்துக்கு மேல பழசான பீரங்கிக் குண்டச் சுத்தம் பண்ணினவர் அது வெடிச்சுச் செத்துப் போனார். பரண்ல கிடக்கிறது காலியா இல்லையான்னு வெளிய பாத்துச் சொல்ல முடியாது. லைசென்ஸ் இல்லாம அத வச்சிருக்கிறதும் குத்தம். இருக்கிற இடத்துலயே விட்டுட்டு, ஸ்டேஷனுக்குச் சொல்லி, அவங்கள வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

நான் ஒப்படைக்கப் போறப்ப இந்தத் தடவ எண்ணெய் போட்டுத்தான் குடுப்பேன்.